மாமாவின் சிலுவையில் எழுதிய வருடம்

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டத்து மயானத்தில் மாமாவின் சிமெந்துச் சிலுவை நிற்கிறது. பெயருக்குக் கீழே இரண்டு வருடங்கள். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் புது ஆட்கள் யாராவது அதன்முன் நின்று மனதுக்குள் கழித்துப் பார்ப்பார்கள். பிறகு, ஐயோ பாவம், நடு வயதிலேயே போய்விட்டாரே என்று உச்சுக் கொட்டுவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். தலை பஞ்சாய் நரைத்து, பல்லெல்லாம் கொட்டி, பேரப்பிள்ளைகளை ஆசை தீரத் திட்டிவிட்டுப் போன மனிதர் அவர்.

மாமாவுக்குக் கவ்வாத்து வேலை. வளர்ந்துவிட்ட தேயிலையைக் கத்தியால் தறித்துவிடுவது. ஒரு மலையில் கவ்வாத்து முடிந்தால் மறுபடி அதன் முறை வரச் சில வருடங்கள் ஆகும் என்பதால், எங்கள் லயத்து வீடுகளில் வயதையே அதை வைத்துத்தான் சொல்வார்கள். ஒருத்தி ஆற்றோர மலையில் கவ்வாத்து நடந்தபோது பிறந்தாள், இன்னொருவன் அதற்கு அடுத்த கவ்வாத்தில். நமக்குள் பேசிக்கொள்ள அது தாராளம், அரசாங்கத்துக்குப் போதாது. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில் யாரோ மாமாவின் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தை எழுதிவிட்டார்கள். அவர் தம்பிக்கும் அப்படியே. கடைசியில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அண்ணன், அட்டையின்படி தம்பிக்குப் பின் பிறந்தவராகிப் போனார். "மரியாதையா பேசு, நாந்தான் மூத்தவன்" என்று சின்ன மாமா அவரைச் சீண்டாத நாளில்லை.

மாமா இறந்தபோது அந்தக் கேலியே வினையாக வந்து நின்றது. சிலுவையில் இரண்டு வருடமும் இருந்தாக வேண்டும் என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். கொழுந்து பறிக்கப் போகுமுன், சிறு பெண்ணாக, வெள்ளைக்காரத் துரைமார் கல்லறைகளில் புல்வெட்டப் போனவர் அவர். அங்கே ஒவ்வொரு கல்லிலும் வந்த வருடமும் போன வருடமும் இருக்குமாம். தேயிலை ஃபாக்டரியின் நெற்றியில்கூட அது கட்டிய வருடம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு ஒரு மண்மேடு, ஒரு பூச்செடி. நாலு மழை அடித்தால் யார் எங்கே கிடக்கிறார் என்று பெற்ற பிள்ளைக்கும் தெரியாது. தன் புருஷனும் அப்படிக் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் அத்தையின் பயம்.

அட்டையில் உள்ளதைப் போட்டால் முடிந்தது என்றார் கோயில் உபதேசியார். சின்ன மாமாவும் தலையாட்டினார். அத்தைக்கு வந்ததே கோபம். உயிரோடு இருந்தவரைக்கும் அந்தப் பொய்யைச் சுமந்தார், செத்த பிறகும் சுமக்க வேண்டுமா என்று கேட்டார். சிமெந்து இறுகுகிறது என்று சிலுவை வார்த்த மேசன் பாஸ் எழுதுகிற ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். அத்தை மலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு வருடத்தைச் சொன்னார். அது அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்த வருடம்.

மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் சிலுவையைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் பிறந்த வருடத்தைத்தானே எழுதுவார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"சாமி, இவரு பொறந்தத பாத்தவங்க யாரும் இப்ப இல்லீங்க. எங்க கல்யாணத்தப்ப நான் பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரிஞ்ச வருசத்தத்தானே நான் எழுத முடியும்?"

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார்.

இப்போது நான் பதுளையில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் படிப்பிக்கிறேன். வருடங்களுக்கு ஏன் எண் போட்டார்கள் டீச்சர் என்று வகுப்பில் யாராவது கேட்டால் எனக்கு அத்தை ஞாபகம்தான் வரும். உலகம் தொடங்கியதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே ஒரு ராஜா முடிசூடியதிலிருந்தோ, ஒரு குழந்தை மாட்டுத்தொழுவத்தில் பிறந்ததிலிருந்தோ, தங்களுக்குப் பெரிதாகப் பட்ட ஒன்றிலிருந்து மனிதர்கள் எண்ணத் தொடங்கினார்கள். ராஜாக்களுக்கு இருந்த அந்தத் துணிச்சல் கூடை சுமந்த என் அத்தைக்கும் இருந்தது. அதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

போன வருடம் அத்தையும் போய்விட்டார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது கோயில் புத்தகத்தில் பதிந்திருந்ததால் பிறந்த வருடம் சரியாகவே தெரியும். சிலுவை வார்க்க வந்த மேசன் ஊருக்குப் புதியவர். முதல் வருடம் என்ன என்று கேட்டார். அத்தை அன்று சொன்ன வருடத்தையே சொன்னேன். எழுதி முடித்துவிட்டுப் பக்கத்துச் சிலுவையைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வருசத்துலயா பொறந்தாங்க?"

"ஆமாங்க" என்றேன்.