மழை நாளில் எடுத்த இரண்டாம் இரத்தம்

கொரோனா ஓய்ந்து ஊர் மெல்ல மூச்சுவிடத் தொடங்கியிருந்த காலம். கஹவத்தைப் பக்கம் ஒரு சிறிய அரசாங்க ஆஸ்பத்திரியின் அலுவலகத்தில் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்றிருந்தேன். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், அதை எப்படித் தட்டி எழுப்புவது என்பதைத் தவிர எனக்கு வேறு வித்தை தெரியாது. அதனால் ஆஸ்பத்திரியில் எனக்கு வைத்த பெயர் ‘சுற்றறிக்கை மிஸ்’. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அவ்வளவு மரியாதை.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரி வேறு சில ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து எலிக்காய்ச்சல் பற்றிய ஆய்வு ஒன்றில் இறங்கியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல இடத்து நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த மருந்து யாருக்கு உதவுகிறது என்று தெரியும். எங்கள் இளம் டொக்டர் சிங்களவர். தோட்டத்து ஆட்களுக்குத் தமிழில் விளக்கிச் சம்மதம் கேட்க அவருக்கு ஒருவர் தேவைப்பட்டார். கூப்பிட்டார், போனேன். சம்பளம் இல்லாத வேலைக்கு நேர்முகப் பரீட்சை வைப்பதில்லை.

காய்ச்சலோடு வரும்போது ஒருமுறை இரத்தம் எடுப்பார்கள். குணமாகி வீட்டுக்குப் போய் இரண்டு வாரமளவில் இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வந்தது எலிக்காய்ச்சலா என்பது உறுதியாகும். எங்கள் ஆட்கள் முதல் இரத்தத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். இரண்டாவதுக்கு ஒருவரும் வரவில்லை.

எல்லா ஆஸ்பத்திரிகளும் கணினித் திரையில் கூடிய கூட்டத்தில் ஆய்வின் ஒருங்கிணைப்பாளர் மிகப் பண்பாகப் பேசினார். தோட்டத்து மக்களின் ஒத்துழைப்பு போதவில்லையாம். அடுத்த கூட்டத்துக்குள் நிலைமை மாறாவிட்டால் எங்களை ஆய்விலிருந்து ‘விடுவிக்கலாம்’ என்றார். என்ன கருணை! நாங்கள் விலகினால், ஈரப் புல்லிலும் சேற்றிலும் நின்று இந்தக் காய்ச்சலை வாங்கும் எங்கள் ஆட்களை விட்டுவிட்டே மருந்து முடிவாகும். நானும் ரப்பர் பால் வெட்டியவளின் மகள்தான்.

மறுநாளே தோட்டத்துக்குப் போனேன். எங்கள் வாட்டில் கிடந்து குணமாகிப் போன ஒரு பால்வெட்டும் பெண் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிநிற்கும் லயத்தின் வாசலில் இருந்தாள்.

“என்னாங்க மிஸ், ஆள் புடிக்க வந்தீங்களா?”

“நீங்கல்லாம் ஒத்துழைக்க மாட்டேங்குறீங்களாமே?”

“எவரு சொன்னது? கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேரு போயிருமுங்க. எங்களுக்கு நீங்க பேரு போட்டுத் தாங்க, நாளைக்கே வர்றோம்.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலையின் பதிவு. பேர் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. நோயாளி வராவிட்டால் நாங்கள் போக வேண்டியதுதான். மத்தியானம் எல்லோரும் பால் வாளியோடு ஸ்டோர் கொட்டகையில் எடை நிறுவைக்கு வரிசையாக நிற்பார்கள். அங்கேயே இரத்தம் எடுக்கலாம் என்று டொக்டரிடம் சொன்னேன்.

இடத்தை மாற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதம் வேண்டும். மாதக்கணக்கில் ஆகுமே என்று டொக்டர் கவலைப்பட்டார். ஆகும், வழி தெரியாதவர்களுக்கு. சுற்றறிக்கை மிஸ் ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்தாள். என்னை எழுப்பி அனுப்புவதற்காகவே கையெழுத்துப் போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குறித்த நாள் விடியும்போது மழை கொட்டியது. டொக்டர் எனக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கேட்டார். “மிஸ், மழைக்குப் பால் வெட்டு இல்லையாம். ஸ்டோருக்கு யாரும் வரமாட்டாங்க. நிறுத்துவமா?”

இன்று விட்டால் பலருக்கும் இரத்தம் எடுக்க வேண்டிய காலம் கடந்துவிடும். நிறுத்திவிடலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. பிறகு, சிறுவயதில் மழைச் சத்தம் கேட்டால் அம்மா திரும்பிப் படுப்பது நினைவுக்கு வந்தது. வெட்டு இல்லையென்றால் பேரும் இல்லை. பறிபோவதற்குப் பேரே இல்லாத நாளில் வருவதற்கு என்ன தடை?

“நிறுத்தாதீங்க டொக்டர். இன்னைக்குத்தான் நாள்” என்று சொல்லிவிட்டு, அந்தப் பால்வெட்டும் பெண்ணைப் போனில் அழைத்தேன்.

“எல்லாரும் லயத்துலதான் குந்தியிருக்கோம் மிஸ். சும்மா வரச் சொல்றீங்களா, டீ கீ உண்டா?”

“பிளேன்டீ, பணிஸ்.”

“அப்ப சரி.”

ஸ்டோரில் மேசை போட்டோம். கொட்டகை வெறிச்சென்று கிடந்தது. தாதி ஐஸ் பெட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். தகரத்தில் மழை இரைந்தது. வரமாட்டார்களோ என்று நான் நினைத்த நேரத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு குடை தெரிந்தது. அதன் பின்னால் உரச் சாக்கை மடித்துத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது.

“இன்னைக்குப் பாலுக்குப் பதிலா ரத்தம் நிறுக்கிறாங்கடி. கொறஞ்சா கங்காணி ஏசப் போறாரு!” என்றாள் முன்னால் வந்தவள். கொட்டகை சிரிப்பால் நிறைந்தது. தமிழ் பிடிபடாத டொக்டரும் சிரித்தார்.

ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் வரக்காப்பொலயில் மகள் வீட்டில் இருந்தார். அவருடைய இரத்தத்தை ஆய்வில் சேர்ந்திருந்த அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி எடுத்து அனுப்பியது. ஆஸ்பத்திரிகள் கைகோர்ப்பது என்று கூட்டங்களில் பேசுவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் விடுவிக்கும் பேச்சே எழவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார் ஒருங்கிணைப்பாளர். டொக்டர் சொன்னார். பிறகு, மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப அதை எழுதித் தரச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். ரப்பர் தோட்டப் பகுதிகளில் இரண்டாம் இரத்தத்தை இயன்றவரை மழை நாளில் எடுப்பது என்ற வரி ஆய்வின் நடைமுறையில் ஏறியது. என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் எழுதிக் குவித்த கடிதங்களில் மழை வந்த வரி அது ஒன்றுதான்.

இப்போதும் விடியற்காலையில் கூரைத் தகரம் அதிர்ந்தால் ஊர் போர்வையை இழுத்துக்கொள்கிறது. நான் எழுந்து ஸ்டோருக்குப் போகச் சேலை கட்டுகிறேன், நாளை யாரோ எங்கோ இந்தக் காய்ச்சலிலிருந்து பிழைக்கும்போது அதில் எங்கள் லயத்து இரத்தமும் இருக்கும் என்ற தலைக்கனத்தோடு.