கப்பல் தலைவனாகப் பாடிய முனியாண்டி அண்ணன்

முனியாண்டி அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே... ஹார்ட் அட்டாக்.

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரே தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை செய்தோம். நான் லைன் லீடர், அவர் டெக்னீஷியன். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும் குரல். கரங்கான் பக்கம் எஸ்டேட் கோயிலில் தேவாரம் பாடிய குரல்.

எங்கள் சர்ச் கொயரில் ஓர் ஓரட்டோரியோ பாட முடிவு செய்தோம். நாடகம் மாதிரி கதை உண்டு, நடிப்பு கிடையாது, வேஷம் கிடையாது. நின்ற இடத்திலேயே பாடிக் கதை சொல்ல வேண்டும்.

எங்களுடையது யோனாவின் கதை. கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடுகிறவன். நடுக்கடலில் புயல். கப்பல்காரர்கள் சரக்கையெல்லாம் கடலில் போடுகிறார்கள். கப்பல் தலைவன் தூங்கிக்கொண்டிருந்த யோனாவை எழுப்பி, அவனுடைய கடவுளைக் கூப்பிடச் சொல்கிறான். அந்தத் தலைவனுக்குத்தான் எங்களிடம் குரல் இல்லை. கனமான ஆண் குரல் வேண்டும்.

கேன்டீனில் அண்ணனிடம் கேட்டேன்.

"நான் கோயிலுக்குப் போற ஆளுமா. சர்ச்சுல விடுவாங்களா?"

"கொயர் டீச்சர்கிட்ட கேட்டுட்டேண்ணே. கதையில அந்தத் தலைவனும் வேற சாமி கும்புடுறவன்தானாம்."

"அப்ப சரி லா."

மூன்று மாதம் ஒத்திகை. சனிக்கிழமை மத்தியானம் கரங்கானிலிருந்து சுங்கை பட்டாணியில் எங்கள் சர்ச்சுக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். ஆங்கில வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நோட்டேஷன் தெரியாது. கொயரை நடத்திய ஏஞ்சலின் டீச்சர் பியானோவில் இரண்டு தடவை வாசித்தால் போதும். "இதுல எது சா, டீச்சர்?" என்று மட்டும் கேட்பார்.

நிகழ்ச்சியன்று வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று பட்டை திருநீறு.

சர்ச் கமிட்டியில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ கூட்டிட்டு வந்த ஆளுதானே, திருநீற அழிக்கச் சொல்லி நீயே சொல்லு" என்றார்.

டீச்சரிடம் போயிருக்கலாம். போகவில்லை. பாடுகிற நேரத்தில் பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தேன். டிஷ்யூவை நீட்டினேன்.

"அண்ணே... நெத்தியில கொஞ்சம்..."

"டீச்சர் சொன்னாங்களா?"

"இல்லண்ணே."

"நீ சொல்றியா?"

டிஷ்யூவை நீட்டியபடியே நின்றேன். வாங்கித் துடைத்தார். டிஷ்யூவைக் கீழே போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாடினார். நாலே நிமிடம். ஓர் இடத்திலும் சுருதி பிசகவில்லை. இரண்டாவது வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும் வரைக்கும் அண்ணனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலையில், எப்போதும் போல "சாப்டியாமா?"

அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. அப்படியே ஆறு வருடம்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் அதைச் சொல்ல வாய் வந்தது.

"அண்ணே, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு."

"ஆமாம்மா, தப்புதான்" என்றார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான். என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். நான் அழுதேன். அழுது முடித்த பிறகு கேட்டார்.

"அந்தக் கப்பல் என்னாச்சுமா? யோனாவத் தூக்கிக் கடல்ல போட்டாங்க, புயல் நின்னுருச்சு. அப்புறம் மீனு வயித்துக்குள்ள அவன் இருந்ததத்தான் பாடுனீங்க. கப்பல்காரங்க ஊர் போய்ச் சேந்தாங்களான்னு ஒருத்தரும் பாடலியே?"

"தெரியலண்ணே. கதையிலயே இல்ல."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"சேந்துருப்பாங்க லா. சரக்கெல்லாம் கடல்ல போட்டாச்சுல்ல... கப்பல் லேசாத்தான் போயிருக்கும்."

நாளை மதியம் இரண்டு மணிக்குக் கரங்கான் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். கொயரில் எல்லோரும் போகிறோம். பழைய ஷிஃப்ட் ஆட்கள் முடிந்தால் வாருங்கள்.

போய்ச் சேருங்கண்ணே.