சந்தோஷம் நம்பர் மூணு

என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டா, "இசையமைப்பாளர்"னு சொல்லுவார். பக்கத்துல இருந்தா நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் இல்லாதப்ப கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன். பழைய டிவி தொடர்களை டிஸ்க்குல போட்டு விக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல யார் யார் பாட்டையோ எடுத்து அந்தத் தொடர்கள்ல பின்னணியா ஓட விட்டிருப்பாங்க. இப்ப டிஸ்க்கா வித்தா பாட்டுக்குச் சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? அதனால அந்தப் பாட்டை உருவிட்டு அந்த இடத்துல இவரோட கீபோர்டு சத்தத்தை ஒட்டணும். அவ்வளவுதான் வேலை. கிழிஞ்ச சட்டைக்கு ஒட்டுப் போடுறவன்கூட துணி நிறத்தைப் பார்ப்பான். இவர் அதையும் பார்க்க மாட்டார்.

கல்யாணத்துக்கு முன்னாடி மேடைக் கச்சேரியில கீபோர்டு வாசிச்சுக்கிட்டிருந்தாராம். சினிமாவுல கூப்பிடுவாங்கன்னு ரெண்டு கோட்டு தைச்சு வச்சிருந்தார். சினிமாவும் கூப்பிடல, கோட்டும் இப்ப தொப்பைக்குப் பத்தல. ஆனா அந்த மிதப்பு மட்டும் ஒரு இஞ்சு குறையல. சாப்பாட்டுத் தட்டுல விரலால தாளம் போடுவார். "என்ன யோசனை?"ன்னு கேட்டா, "ஒரு டியூன் வருது"ம்பார். எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, மழைத் தண்ணி வந்திருக்கு, டியூன் ஒண்ணும் வந்ததில்ல.

ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரு அறை. அதுதான் அவரோட ஸ்டுடியோ. சத்தம் வராம இருக்க சுவர் பூரா முட்டை அட்டை. கீழ மெஷின் ஓடுறது தரை வழியா காலுக்கு வரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அங்க கம்ப்யூட்டர்ல அவரோட படைப்புகள் வரிசையா நிக்கும். சோகம் ரெண்டு, ஓட்டம், சந்தேகம், சந்தோஷம் ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாசிச்சு வச்சது. எந்தத் தொடர்ல எவர் செத்தாலும் இவர்கிட்ட இருக்கிறது அந்த ரெண்டு சோகம்தான்.

இதுல இன்னொரு கஷ்டம் உண்டு. பழைய டேப்புல பேச்சு, பாட்டு, காலடிச் சத்தம் எல்லாம் ஒண்ணாக் கலந்து கிடக்கும். பாட்டை எடுத்தா மத்ததும் சேர்ந்து போயிடும். பேச்சுக்கு வேற ஆள் குரல் கொடுப்பாங்க. மத்த சத்தமெல்லாம் இவர் பொறுப்பு. கதவு சாத்துற சத்தத்துக்கு எங்க வீட்டு பீரோவைப் பதிவு பண்ணினார். இன்னிக்கு அந்தக் கம்பெனி டிஸ்க்குல ஆஸ்பத்திரிக் கதவானாலும் சரி, ஜெயில் கதவானாலும் சரி, எங்க பீரோ கதவுதான். ஒரு தொடர்ல கிழவர் ஒருத்தர் ரேடியோவைப் பார்த்து, அவ பாடின பாட்டு, நிறுத்துப்பான்னு தேம்பித் தேம்பி அழுவார். ரேடியோவுல பாட்டும் இல்ல, பாடுறவளும் இல்ல. இவரோட சந்தேகம் டியூன்தான் ஓடிக்கிட்டிருக்கும். கேட்டதுக்கு, ஜனங்க இதையெல்லாம் கவனிக்க மாட்டாங்கன்னார்.

சரி, ஊரான் வீட்டுக் கதைன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம்தான் என் நாத்தனார் நடிச்ச தொடர் இவர் கைக்கு வந்துச்சு.

நாத்தனார்னா இவரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். பத்தொன்பது வயசுல அந்த ஒரு தொடர்ல நடிச்சாங்க. அதுல ஒரு கட்டம். அடுப்படியில ரேடியோ பாடும், இவங்க கையில கரண்டியோட தன்னை மறந்து ஆடுவாங்க. ஒரே டேக்குல முடிஞ்சுதாம். ஏழு தட்டுத் தாளம், ஒரு அடி பிசகலைன்னு அந்த டைரக்டர் எழுந்து நின்னு கை தட்டினாராம். அடுத்த வருஷம் கல்யாணம். கட்டினவருக்கு நடிப்புங்கிற பேச்சே ஆகாது. அவர் உயிரோட இருந்தவரை அந்தத் தொடர் பேரைக்கூட வீட்டுல சொல்ல முடியாது. பெத்த பொண்ணுகிட்ட மட்டும் ரகசியமா சொல்லியிருக்காங்க. அவளுக்கு அம்மா அளக்கிறாங்கன்னு ஒரு நினைப்பு. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, காட்டுறதுக்கு ஒரு போட்டோகூட இல்ல. அண்ணி வாழ்க்கையில தனக்குன்னு வச்சிருந்தது அந்த ஒரு ஆட்டம்தான்.

டிஸ்க் வரப்போகுதுன்னு தெரிஞ்சதுலேருந்து அவங்களுக்கு இருப்பே கொள்ளல. வாராவாரம் போன் பண்ணி, எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தம்பி கையில இருக்கு, எனக்கென்ன பயம்னு சொன்னாங்க. பழைய பிரதியை இவர் வீட்டுக்குக் கொண்டு வந்து ஓட்டினப்ப நானும் பார்த்தேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனா கால் விழுற இடத்துல பாட்டு விழுந்துச்சு, அது கண்ணுக்கே தெரிஞ்சுது. அந்தப் பிரதி மறுநாளே கம்பெனிக்குத் திரும்பிப் போயிடுச்சு. அந்தக் கட்டத்துக்கு என்ன வாசிக்கப் போறீங்கன்னு கேட்டேன். வாசிக்கிறதுக்கு என்ன இருக்கு, சந்தோஷம் மூணு சரியா அந்த நீளம்தான்னு சொல்லிட்டு டிவியில கிரிக்கெட் பார்க்கப் போயிட்டார்.

டிஸ்க் வந்த ஞாயித்துக்கிழமை அண்ணி எங்களைக் கூப்பிட்டாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. அண்ணி நல்ல புடவை கட்டி, தலையை அழுந்த வாரி, டிவிக்கு நேர் எதிர்ல உட்கார்ந்திருந்தாங்க. இவர் சோபா நடுவுல, ஏதோ விருது வாங்க வந்தவர் மாதிரி.

அடுப்படி வந்துச்சு. ரேடியோ வந்துச்சு. திரையில அந்தப் பத்தொன்பது வயசுப் பொண்ணு கரண்டியை எடுத்தா. சந்தோஷம் மூணு ஆரம்பிச்சுது, நாலு தட்டுல, டிங்கு டிங்குன்னு. கால் தரையில படுது, சத்தம் வரல. கால் தூக்கியிருக்கு, டொக்குன்னு கேக்குது. காலடிச் சத்தத்துக்கு இவர் காய் நறுக்குற பலகையைத் தட்டியிருக்கார், அதுவும் தன்னோட டியூனுக்கு. பார்க்கிறதுக்கு, எறும்பு கடிச்சு அந்தப் பொண்ணு குதிக்கிற மாதிரி இருந்துச்சு.

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டார். அண்ணி பொண்ணு அடக்க முடியாம சிரிச்சுட்டா. இதுக்காம்மா இத்தனை வருஷம் இந்த அலட்டல்னு கேட்டுட்டா.

அண்ணி சிரிக்கல, கோபப்படவும் இல்ல. திரையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மெதுவா தம்பி பக்கம் திரும்பினாங்க.

"டேய், நான் தாளம் தப்பியா ஆடினேன்?"

ஒரு வார்த்தை. இல்லக்கா, நான் பாட்டை மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. இந்த மனுஷன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு சொன்னார்:

"விடுக்கா. சின்ன வயசு, கேமராவைப் பார்த்த பயம். அந்தக் காலத்துல தாளமெல்லாம் யார் பார்த்தாங்க?"

அண்ணி தலையை ஆட்டினாங்க. நம்பிட்டாங்க. இத்தனை வருஷத்துல அந்தப் பாட்டு அவங்களுக்கே மறந்து போயிருந்துச்சு. கூடப் பொறந்தவன், சங்கீதம் தெரிஞ்சவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. இத்தனை வருஷம் இந்த ஆளுக்குச் சோறு போட்டேனேன்னு இருந்துச்சு.

"அண்ணி, நீங்க தப்பல. பழைய டேப்பை நான் என் கண்ணால பார்த்தேன். இவர் பாட்டை எடுத்துட்டு வேற போட்டிருக்கார். அந்தக் கால் சத்தமும் உங்களுது இல்ல, இவர் பலகையைத் தட்டினது"ன்னேன்.

உனக்கு என்ன தெரியும், வாயை மூடுன்னார். நான் ரிமோட்டைப் பிடுங்கி, பின்னாடி ஓட்டி, சத்தத்தைச் சுத்தமா அணைச்சேன்.

அந்தப் பொண்ணு மறுபடி கரண்டியை எடுத்தா. அண்ணி கொஞ்சம் முன்னாடி நகர்ந்து உட்கார்ந்தாங்க. முதல்ல வாய்க்குள்ளதான் சொன்னாங்க. அப்புறம் வெளியில கேட்டுச்சு. "தகிட தகதிமி, தகிட தகதிமி." கால் விழுந்துச்சு. ஒவ்வொரு அடியும், திரும்புறது, கரண்டி இறங்குறது, எல்லாம் அண்ணி சொன்ன இடத்துலேயே விழுந்துச்சு. பொண்ணு சிரிப்பை நிறுத்திட்டு அம்மா பக்கத்துல வந்து தரையில உட்கார்ந்தா. இன்னொரு தடவை போடுங்க அத்தைன்னா. போட்டேன். அண்ணி அழுதாங்க, ஆனா தாளத்தை விடல.

அந்த வீட்டுல சரியாயிடுச்சு. கடை கடையா போன டிஸ்க்கை யார் போய்ச் சரி பண்றது? அதை வாங்குறவங்களுக்கு அண்ணி ஆடத் தெரியாதவங்கதான்.

திரும்பி வர்ற வழியில பஸ்ஸுல இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தார். சரி, மனுஷனுக்குக் கொஞ்சமாவது உறைச்சிருக்குன்னு நானும் விட்டுட்டேன். வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டே என்னைப் பார்த்தார். முகம் வாடியிருந்துச்சு.

"மியூசிக் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே"ன்னார்.