பல்லாவரம் வருவதற்குள்

போன வாரம் தாம்பரத்தில் ஏசி மின்சார ரயிலில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஒரு பந்து மல்லிகை. மூடிய பெட்டிக்குள் அந்த வாசனைக்குப் போக்கிடமில்லை, நேராக என்னிடம் வந்துவிட்டது. கூடவே ஸ்டெல்லா அக்காவும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்போது எனக்குக் கிண்டியில் டைப்பிஸ்ட் வேலை. சம்பளத்துக்குத்தான் டைப்பிஸ்ட், மனசுக்குள் பெரிய எழுத்தாளர். பத்திரிகைக்கு அனுப்பும் கதைகளெல்லாம் போன வேகத்தில் வீடு திரும்பிவிடும், என்னைவிடப் பொறுப்பாக. எனக்கு வாய்த்த ஒரே வாசகி, காலை ரயிலின் மகளிர் பெட்டியில் கூட வரும் ஸ்டெல்லா அக்கா. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. புருஷனோடு ஒத்துவராமல், பீர்க்கன்கரணையில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். தாம்பரத்தில் உதிரிப்பூ வாங்கி, தொடுத்துக்கொண்டே என் கதையைக் கேட்பாள்.

நான் எப்படி ஆரம்பிப்பேன் தெரியுமா? வானம் செக்கச்செவேல் என்று சிவக்கும், கதாநாயகியின் உள்ளம் சோகத்தில் ஆழும். அக்காவின் விரல்கள் அதுபாட்டுக்குத் தொடுத்துக்கொண்டே போகும்.

"சோகமா இருந்தான்னு நீ சொல்றடி. எனக்கு எப்படித் தெரியும்? அவ இன்னா பண்ணா, அத்தச் சொல்லு."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. மறுநாள் சொன்னேன்: "மோட்டாரைப் போட்டுட்டு உக்காந்தா. தொட்டி நிரம்பி, தண்ணி மாடிப்படியில எறங்கி வருது. அவ எழுந்திருக்கவே இல்ல."

விரல்கள் நின்றன. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எந்தப் பரிசுக்கும் வந்ததில்லை. அதிலிருந்து அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்தே சொல்வேன். அவை ஓடினால் விஷயத்துக்கு வா என்று அர்த்தம். எதுவானாலும் பல்லாவரம் வருவதற்குள் ஒரு காட்சி முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அக்கா பாதியில் இறங்கிவிடுவாள்.

அப்படித்தான் ஒரு நாள், பிரிந்துபோன கணவன் வந்து கதவைத் தட்டும் இடத்தில் கச்சிதமாக நிறுத்தினேன். மறுநாள் அக்கா பூ வாங்காமல் வந்தாள்.

"அவ கதவத் தொறந்தாளா?"

"இருங்கக்கா, வரேன்" என்று நான் இழுப்பதற்குள் பல்லாவரம் வந்துவிட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"போனா போவுது. சாயங்காலம் அவரு என்னைக் கூட்டிகினு போக வராரு. எனக்கு இப்பவே தெரியணும்."

திறப்பதாகத்தான் யோசித்து வைத்திருந்தேன். இருவரும் கட்டிக்கொண்டு அழ, சுபம். அந்த முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"தொறக்கலக்கா. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டா."

அக்கா அடுத்த ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்கி, ஜன்னல் பக்கம் வந்து, கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தொறந்துடுவேன்டி, எனக்கே தெரியும். உன் கதையில அவ தொறக்க வேணாம். அப்படியே வுட்டுடு."

அப்புறம் அக்கா ரயிலுக்கு வரவில்லை. படப்பையில் புருஷன் வீட்டில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். அதுவரை என்னுடைய எந்தக் கதையும் அச்சில் வந்ததில்லை, கதவு திறக்காத அந்தக் கதை வந்தது. அவள் படித்தாளா என்று தெரியாது. படித்திருக்க வேண்டும் என்று இன்னும் ஆசையாக இருக்கிறது.

இந்த ரயிலில் சில்லென்று காற்று வருகிறது, உட்கார இடம் கிடைக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல்தான் திறக்காது. இறங்கிப் போகிறவள் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னால், உள்ளே இருப்பவளுக்குக் கேட்காது.