தானே விழும் பூட்டு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது இருட்டில் நடக்கவில்லை. 1912, ஆடி மாதம், அம்பாசமுத்திரத்தில், உச்சி வெயிலில் நடந்தது. துப்பாக்கி ரிப்பேர் செய்யும் நேசையா வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னது. பொய் சொல்லிப் பேர் வாங்க இதில் ஒன்றுமில்லை. சொன்னதால் அவனுக்குக் கிடைத்தது கெட்ட பேர்தான்.

அன்று புதன்கிழமை. மரக் கான்டிராக்டர் ஆவுடைநாயகம் தன் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைப் பட்டறை மேசையில் வைத்தார்.

"பூட்டு தானா விழுந்துருது வே. போன மாசம் கரடி நேருக்கு நேரா நிக்கு, விசைய அமுக்குதேன், வெடிக்கல. சனிக்கிழம காட்டுக்குப் போணும். உம்ம மச்சினன்தான் முன்னால நடக்கான், பாத்துக்கிடும்."

நேசையாவின் மனைவி சாரம்மாளின் தம்பி இன்பமணிக்கு, காட்டில் முன்னால் நடந்து வழிகாட்டும் அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். துப்பாக்கி வெடிக்காவிட்டால் கரடியின் முதல் கடி முன்னால் நடப்பவனுக்கு.

அந்த மாதிரித் துப்பாக்கியில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்னப் பூட்டு உண்டு. முன்னால் தள்ளினால் சுடும். பின்னால் வந்துவிட்டால் சுடாது. தோட்டா போட மடக்கும்போதெல்லாம் உள்ளே ஒரு கம்பி அந்தப் பூட்டைத் தானாகப் பின்னால் தள்ளிவிடும். கம்பியை எடுத்தால் தீர்ந்தது. அரை மணி வேலை.

பன்னிரண்டு ஐந்துக்குக் கழற்றினான்.

கம்பி இல்லை. எப்போதோ யாரோ எடுத்துவிட்டார்கள்...

அப்படியானால் பூட்டைத் தள்ளுவது எது? வில் தளர்ந்திருக்கும் என்று பார்த்தான். வில் இறுக்கமாக இருந்தது. பூட்டை முன்னால் தள்ளிவிட்டு, குழலுக்கு எதிரே இருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போனான்.

டிக்.

பூட்டு பின்னால் இருந்தது.

மறுபடி தள்ளினான். கண் கொட்டாமல் நின்றான். நகரவில்லை. குழலில் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று எதிரே போய்க் குனிந்தான்...

டிக்.

மணி பன்னிரண்டு பதினொன்று. காற்றில்லை. தெருவில் ஆளில்லை.

மூன்றாம் முறை பூட்டின் மேல் அரத்தூளைத் தூவிவிட்டு எதிரே போய் நின்றான். தூளில் ஒரு கட்டைவிரல் பதிந்தது... அகலமான விரல். பூட்டு மெதுவாக நகர்ந்தது.

டிக்.

ஓடியிருப்பான். ஆனால் இன்பமணி நினைவுக்கு வந்தான். ஏதோ ஒரு பேய் அந்தப் பிள்ளையைக் கரடிக்குக் கொடுக்கப் பார்க்கிறது என்று பயத்தையும் மீறிக் கோபம் வந்தது.

திருகாணியை எடுத்தான். பூட்டை முன்னாலேயே வைத்து இறுக்கத் தொடங்கினான்.

பாதித் திருகில் யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

குளிர்ந்த கை. முறுக்கவில்லை... பிடித்தது, அவ்வளவுதான்.

"ஏசுவே!" என்றான்.

முழுக்கத் திருகினான்.

கை விட்டது.

வியாழன் காலை ஒன்பதுக்குத் துப்பாக்கியைக் கொடுத்தான். "இனி பூட்டு விழாது அண்ணாச்சி," என்றான், பெருமையாக.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்குப் பாபநாசத்திலிருந்து மாட்டுவண்டி வந்தது. அதில் இன்பமணி, பாயில் சுற்றியபடி. "கரடி," என்றார் ஆவுடைநாயகம், யார் முகத்தையும் பார்க்காமல். குளிப்பாட்டத் திருப்பிப் போட்டபோது சாரம்மாள் அலறினாள். முதுகில் குண்டு பாய்ந்த ஓட்டை. ஆனாலும் ஊர் கரடி என்றே ஒப்புக்கொண்டது. பெரிய மனிதர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தானே.

அடக்கத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். முன்பு இன்பமணியின் வேலையில் இருந்து செத்துப்போன முத்துமாலையின் மனைவி. நேசையாவின் பக்கத்தில் பைய வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரவுகளையும் கரடின்னுதான் சொன்னாவ. மூணு வருசமாச்சு. பட்டணத்துக்குக் கொண்டுபோயி அந்தத் துப்பாக்கியில ஒரு கம்பிய எடுத்துட்டு வந்த மறுநாளு. பூட்டு தானா விழுந்திருக்கும்னு பழைய நெனப்புல மொதலாளி பின்னால வந்திருக்காரு. வேர் தடுக்கி விழுந்தாரு. குண்டு இவுக முதுகுல."

நேசையா தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

"அதுக்குப் பொறவு நாலு பேரு அது முன்னால நடந்தாவ அண்ணாச்சி. மொதலாளி எத்தன தடவ தடுக்கி விழுந்தாரு! ஒருக்காகூட வெடிக்கல. இப்ப மட்டும் எப்படி வெடிச்சுது?"