ஆக்சிலில் இருந்த வெல்டிங்

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியின் பழங்கால சொகுசு காரை ஓட்டினேன். கல்யாண ஜோடியை ஏற்றிப் போகையில் பின் சக்கர ஆக்சில் முறிந்து, வண்டி சவுக்குத் தோப்பில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. வேகமாக ஓட்டினேன் என்று முதலாளி என்னை வேலையைவிட்டு நிறுத்தினார்.

முறிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். பழைய வெல்டிங் தெரிந்தது. புது ஆக்சில் போட்டதாகச் சொன்னவன் செங்கல்பட்டு மெக்கானிக் சேகர். புதுசு போட்டதற்குச் சாட்சியாக, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது வழக்கம். நாலு வருஷம் என்னோடு ஒரே அறையில் தங்கியவன் என்பதால் கேட்கவில்லை.

நேரே அவனிடம் போனேன். "இன்னா மச்சான், வெல்டு வெச்சா குட்த்த?"

"புதுசு கெடைக்கல. சொன்னா நீ வண்டிய எடுக்க மாட்ட."

"செத்திருந்தா?"

"நீ மெதுவாத்தான ஓட்டுவ."

அதை முதலாளியிடம் வந்து சொல்லச் சொன்னேன். அவன் அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

வெல்டிங்கை எப்போதோ மன்னித்துவிட்டேன். அப்படிப் போய்ப் படுத்ததை இன்னும் மன்னிக்க முடியவில்லை.