மேடைக்குக் கீழே என் சீடன்

மிருதங்கம் பழக்குகிற தொழிலில் முதலில் கெடுவது கை அல்ல, வாய்தான். வாக்குக் கொடுத்துக் கொடுத்தே கெட்டுப்போகும். பிள்ளைகளுக்குப் பெரிய மேடையைக் காட்டிவிட்டு இப்போது முழித்துக்கொண்டிருக்கும் மாஸ்டர்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வெற்றிலைத் தட்டம்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க என்னை எடுக்கவில்லை. தர்மபுரத்தில் வீட்டு விறாந்தையில்தான் வகுப்பு. கோகுலனை அவன் தாய் வெற்றிலைத் தட்டத்தோடு கூட்டி வந்த அன்றே, "உங்கட மகன் எங்கட கோயில் மேடையில கச்சேரிக்கு வாசிப்பான்" என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் அது என் வஞ்சம். முன்னொருமுறை அதே மேடையில் நான் தனி ஆவர்த்தனம் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கோயில் தலைவர் மைக்கை வாங்கி, வழியை மறித்து நின்ற மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து நான் பக்க வாசலால்தான் கும்பிடப் போகிறவன். என் சீடன் அங்கே வாசித்தால்தான் மனம் ஆறும். தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"வாசிக்கட்டும் மாஸ்டர். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?"

பட்டதாரி

என்னிடம் தாளம் பழகிய சர்மிளா சங்கீதத்தில் பட்டம் எடுத்தாள். அடுத்த மாதமே ஆசிரியை நியமனம் என்று ஊரெல்லாம் நான்தான் சொல்லித் திரிந்தேன். நியமனம் வரவில்லை. கடைசியில் கிளிநொச்சியில் ஒரு கொம்பனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். "ஒரு கீர்த்தனையை ஆயத்தமாக வைத்திரு" என்றேன். பாவம், இரண்டு ஆயத்தப்படுத்தினாள். திரும்பி வந்து சொன்னாள்:

"ஒருத்தரும் பாடச் சொல்லேல்ல மாஸ்டர். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருக்கோ எண்டுதான் கேட்டவை."

இந்த வருசத் திருவிழா

கோகுலனோ மிருதங்கத்தை விட்டு, லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினான். இரண்டு வருசம் நான் அவனோடு கதைக்கவில்லை.

இந்த முறை திருவிழாவுக்கு வரவேண்டிய மிருதங்கக்காரரின் வான் வண்டி நடுவழியில் பழுதாகி, என்னைக் கூப்பிட்டார்கள். முன் வாசலால் நிமிர்ந்து போனேன். மேடைக்குக் கீழே சவுண்ட் மிக்சருக்கு முன்னால் கோகுலன். நான் தனி தொடங்கியதும், தலைவர் கையில் அறிவித்தல் துண்டோடு அவனிடம் வந்தார். அவன் மைக்கைக் கொடுக்கவில்லை. "மாஸ்டர் முடிக்கட்டும் ஐயா" என்றான். தலைவர் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். என் கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது.

இறங்கி வந்து, பாராட்டுக்காக அவன் பக்கத்தில் நின்றேன். வயரைச் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னான்:

"உங்கட மைக்கை நிப்பாட்டேல்ல மாஸ்டர், சத்தத்தை மட்டும் குறைச்சனான். மிருதங்கம் சுருதி இறங்கிட்டுது, சனத்துக்குத் தெரிய வேண்டாமெண்டு."

இப்போது வெற்றிலைத் தட்டத்தோடு வருகிற தாய்மாரிடம், பிள்ளைக்குக் கை வராவிட்டாலும் காது கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.